ஜெப அடுக்கில் ஒரு புத்தகம்

ஏலியம்மா: மத்தி மீனப் பாத்து அறு மோளே, விரலயும் சேத்து அறுத்துடாதே. சொல்லு. யாரு?

டின்ஸி: என்ன யாரு அம்மச்சி?

ஏலியம்மா: ஜெப அடுக்கத் திறந்தது.

டின்ஸி: எந்த ஜெப... ஓ, டேப்லட்லயா?

ஏலியம்மா: பின்ன, கோயில்லயா? டேப்ல நம்ம புக் லைப்ரரில நாலு அடுக்கு. கொலை, சமையல், ஜெபம், மத்தது. அத்தனையும் நான் உக்காந்து அடுக்கினது. ஈஸ்டர் முடிஞ்சதுலேருந்து ஜெபத்த ஒருத்தரும் தொடல. இப்ப என்னடான்னா தினம் காலைல அஞ்சரைக்கு யாரோ திறக்கறாங்க.

டின்ஸி: அதெல்லாம் கூடவா தெரியும் அதுல?

ஏலியம்மா: 'கடைசியாத் திறந்தது'ன்னு பக்கத்துலயே எழுதியிருக்கே. ஒரே அக்கவுண்ட், நாலு பேரு. கண்டுபிடிக்க போலீஸா வரணும்?

டின்ஸி: மெரின் சேச்சியா இருக்கும்.

ஏலியம்மா: அயர்லாந்துல அப்ப நடுராத்திரி. என் பொண்ணு தூங்கினா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா.

டின்ஸி: அப்ப இச்சாயன்.

ஏலியம்மா: உன் புருஷன் அஞ்சரைக்கு ரப்பர் தோட்டத்துல. கைல கத்தி, நெத்தில விளக்கு. டேப்ப மரத்துல கட்டி வச்சா படிக்கறான்?

டின்ஸி: அப்படின்னா... அம்மச்சியேதான். தூக்கக் கலக்கத்துல கை பட்டு...

ஏலியம்மா: எடி, நான் முன்னூறு கொலை படிச்சவ. விசாரிக்க வந்தவங்க மேலயே எவன் பழியத் திருப்பறானோ, அவன்தான் கடைசி அத்தியாயத்துல மாட்டுவான்.

டின்ஸி: சரி. நான்தான்.

ஏலியம்மா: ஆங்.

டின்ஸி: ஜெபம் பண்றேன். ட்யூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி. அதுவும் தப்பா?

ஏலியம்மா: தப்பே இல்ல. எந்தப் புனிதருக்கு?

டின்ஸி: ...அந்தோனியாருக்கு.

ஏலியம்மா: தொலைஞ்ச பொருள் கிடைக்கறதுக்கு. என்ன தொலைச்ச?

டின்ஸி: பக்கத்தத் தொலைச்சேன், போதுமா? ஒன்பதாம் பாடத்துல விட்டுட்டுப் போறேன், மறுநாள் பாத்தா பதினாலுல நிக்குது. இழுத்துட்டு வந்து ஒன்பதுல வைக்கறேன், பதினாறுக்கு ஓடிடுது. யாரு என் பக்கத்த இப்படி...

ஏலியம்மா: ஜெபத்துல பாடமா? ஜெப புக்குல ஒன்பதாம் பாடம் எப்ப வந்துது?

டின்ஸி: அம்மச்சி, இந்த அளவு மீனுக்கு குடம்புளி ரெண்டு போதுமா?

ஏலியம்மா: மூணு போடு. பேச்ச மாத்தாதே.

ஜோமோன்: என்ன மழை, என்ன மழை... அம்மச்சி, ஒரு துண்டு குடு. ரப்பர் பால் கிண்ணமெல்லாம் தண்ணி. இன்னிக்கு வெட்டினது அத்தனையும்... என்ன, ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க? நடுவுல டேப்... அய்யோ. சொல்லிட்டியா டின்ஸி?

டின்ஸி: இச்சாயா...

ஜோமோன்: நல்லதாப் போச்சு. எனக்கு ஆறு மாசமா சோறே இறங்கல. அம்மச்சி, நீ அழாதே. ஜெர்மனி ஒண்ணும் அவ்வளவு தூரமில்ல.

ஏலியம்மா: நான் எங்கடா அழறேன்? சின்ன வெங்காயம் உரிக்கறேன்.

டின்ஸி: இச்சாயா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல.

ஜோமோன்: ...மழை விட்ட மாதிரி இருக்கு. நான் போய் அந்தக் கிண்ணங்கள—

ஏலியம்மா: உக்காருடா.

ஜோமோன்: உக்காந்துட்டேன்.

ஏலியம்மா: நீ சொல்லு மோளே. மீன விட்டுட்டு சொல்லு.

டின்ஸி: சனிக்கிழமை ஜெர்மன் பரீட்சை அம்மச்சி. முதல் படி. மொத்தம் நாலு படி. நாலும் தாண்டினா அங்க ஆஸ்பத்திரில வேலை. எங்க வார்டுலேருந்தே ஏழு நர்ஸ் போயாச்சு. நான் போய் ஒரு வருஷத்துல இச்சாயனும் வரலாம்.

ஜோமோன்: வரலாம்னுதான். வந்தே ஆகணும்னு இல்ல.

டின்ஸி: நீங்க இப்ப நழுவாதீங்க.

ஏலியம்மா: அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை எக்ஸ்ட்ரா ட்யூட்டின்னு போனது?

டின்ஸி: கோட்டயத்துல க்ளாஸ்.

ஏலியம்மா: எத்தனை மாசமா?

டின்ஸி: எட்டு.

ஜோமோன்: எனக்கு ஆறுதான் தெரியும்! முதல் ரெண்டு மாசம் எங்கிட்டயும் ட்யூட்டின்னுதான் சொன்னா.

ஏலியம்மா: எங்கிட்ட ஏன்டீ சொல்லல?

டின்ஸி: மெரின் சேச்சி போனப்ப நீங்க எட்டு நாள் யாரோடயும் பேசலயாம். கஞ்சி கூட குடிக்கலயாம். அதான்... பாஸானதுக்கு அப்புறம் சொல்லலாம்னு. ஃபெயிலானா சொல்ல வேண்டிய அவசியமே இல்லைன்னு.

ஏலியம்மா: எட்டு நாள்னு யாரு சொன்னது? அஞ்சு நாள்.

ஜோமோன்: எட்டு.

ஏலியம்மா: உன்னை யாரும் கேக்கல.

டின்ஸி: ஃபெயிலாகத்தான் போறேன், கவலப்படாதீங்க. ஒண்ணும் மண்டைல ஏற மாட்டேங்குது. அந்த பாஷைல மேசை ஆம்பளையாம், கதவு பொம்பளையாம், சின்னப் பொண்ண மட்டும் 'அது'ங்கணுமாம். அந்த புக்குல பாடத்துக்குப் பாடம் ஒரு கதை வேற. மார்ட்டான்னு ஒருத்தி வேலைக்காக வேற ஊரு போறா, ரயிலடில அவ பெட்டி தொலைஞ்சு போகுது. அந்த இடம் வந்தாலே புக்க மூடி வச்சுடறேன். புது ஊரு, பாஷை தெரியாது, பெட்டியும் இல்ல. அந்த டிக்கெட் பாக்கறவன் மனுஷனா? இளிச்சு இளிச்சுப் பேசி பெட்டிய அடிச்சுட்டுப் போயிட்டான்.

ஏலியம்மா: அவன் எடுக்கல.

டின்ஸி: ஒன்பதாம் பாடத்துல தெளிவா இருக்கே, கடைசியா பெட்டி பக்கத்துல நின்னது அவன்தான்.

ஏலியம்மா: நின்னா? பாவம், ரெண்டு பிள்ளைக்காரன். வீணா அவன் மேல பழி போடாதே. என்ன, ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க? அடுப்பு எரியுது, சட்டிய வை.

டின்ஸி: அவனுக்கு ரெண்டு பிள்ளைங்கன்னு எத்தனாவது பாடத்துல வருது அம்மச்சி?

ஏலியம்மா: எனக்கென்ன தெரியும்? பொதுவாச் சொன்னேன். அந்த வயசுக்காரனுக்கு இருக்கும்.

டின்ஸி: அவன் வயசு எப்படித் தெரியும்?

ஜோமோன்: அம்மச்சி, முன்னூறு கொலை படிச்சும் இப்படி மாட்டிக்கிட்டியே.

ஏலியம்மா: ...பதிமூணாவது பாடத்துல.

டின்ஸி: அப்ப என் பக்கத்த இழுத்துட்டுப் போனது...

ஏலியம்மா: நீ என் பக்கத்த இழுத்துட்டு வந்தேன்னு சொல்லு! நான் பதினாறுல, பெட்டி கிடைக்கப் போற இடத்துல விட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனா, திரும்பி வந்து பாக்கறேன், ஒன்பதுல நிக்குது. ஒரு மாசமா எனக்கு என்ன பாடு தெரியுமா?

டின்ஸி: பயிற்சிக்கெல்லாம் பதில் எழுதி வச்சிருந்ததும் நீங்கதானா? நான் இச்சாயன்னு நினைச்சு அதயே பாத்து எழுதிட்டேன்!

ஏலியம்மா: பாத்து எழுதினியா? அதுல நாலு தப்புடீ.

ஜோமோன்: ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு புரியல. அந்த புக்க வாங்கினது யாரு? நான் டின்ஸி வாங்கினதா நினைச்சேன்.

டின்ஸி: நீங்க வாங்கலயா? லைப்ரரில அது வந்த அன்னிக்கு உங்களக் கட்டிப்பிடிச்சு தேங்க்ஸ் சொன்னேனே, இதே அடுக்களைல!

ஜோமோன்: அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா விட்டுடுவியோன்னு கேக்கல.

ஏலியம்மா: மாசம் ஒரு புக்கு, முறை போட்டு வாங்கறோம். போன பிப்ரவரி யாரு முறை?

டின்ஸி: அம்மச்சியோட முறை. நீங்க அந்த மாசம் கொலை எதுவும் வாங்கல. கண்ணு சரியில்லன்னீங்க.

ஏலியம்மா: கண்ணெல்லாம் நல்லாத்தான் இருந்துது. நீ க்ளாஸ் பேப்பர யூனிஃபார்ம் பையிலயே விட்டு வாஷிங் மெஷின்ல போட்ட. நான்தான் பிரிச்சு, அடுப்பு மேல காய வச்சு, மடிச்சு, மறுபடி பையில வச்சேன். அம்புட்டும் எறும்பு எழுத்து, அதுவும் மங்கல் காப்பி. இதப் படிச்சு எவ பாஸாவா? ஒழுங்கா ஒரு புக்கு இருக்கட்டுமேன்னு வாங்கிப் போட்டேன். நீ என்னடான்னா அதக் கொண்டுபோய் ஜெபத்துக்குள்ள ஒளிச்சு வச்சுட்ட.

டின்ஸி: அப்ப பிப்ரவரிலேருந்தே உங்களுக்கு...

ஏலியம்மா: தெரியும்.

டின்ஸி: பின்ன இன்னிக்கு எதுக்கு இவ்வளவு குறுக்கு விசாரணை?

ஏலியம்மா: நீயா சொல்லுவேன்னு பாத்தேன். பரீட்சை சனிக்கிழமைன்னு உன் நாள்காட்டில வட்டம் போட்டிருக்க. எங்கிட்ட சொல்லாமயே எழுதிட்டு வந்துடுவியோன்னு... சட்டி காயுதுடீ, எண்ணெய ஊத்து.

ஜோமோன்: எனக்குப் புரிஞ்சு போச்சு! அம்மச்சி நம்மளோட வருது! அதான் பாஷை படிக்குது.

ஏலியம்மா: நானா? அந்தக் குளிருக்கா? போடா. மாட்ட யாரு பாப்பா? பாட்டுக் குழுவுல யாரு பாடுவா? ரப்பர் வெட்ட ஆள் கிடைக்கும், என்னை மாதிரி திட்ட ஆள் கிடைக்குமா?

டின்ஸி: நிஜமாவே வரமாட்டீங்களா?

ஏலியம்மா: வரமாட்டேன். நீங்க போங்க. சும்மா முகத்த அப்படி வச்சுக்காதே, மீன் கெட்டுடும்.

டின்ஸி: அப்ப கதைக்காகத்தான் படிச்சீங்களா? பெட்டிய யாரு எடுத்தான்னு தெரிஞ்சுக்க?

ஏலியம்மா: ஆமா. ஒரு புதிர்னு வந்தா எனக்கு விட மனசு வராது.

டின்ஸி: பெட்டி எங்க கிடைச்சுது?

ஏலியம்மா: அந்த ரயிலடி மாடிப்படிக்குக் கீழ. வழியனுப்ப வந்த அவ தம்பியே வச்சுட்டு மறந்திருக்கான். பதினேழாம் பாடத்தோட கதை முடிஞ்சுது. சப்புன்னு இருந்துது.

டின்ஸி: ஆனா அம்மச்சி... இன்னிக்குக் காலைல நான் திறந்தப்ப இருபத்திரண்டுல இருந்துதே. அங்க கதையே கிடையாது. வெறும் வார்த்தைப் பட்டியல்.

ஜோமோன்: சொல்லு அம்மச்சி. வரமாட்டேங்கற, கதையும் முடிஞ்சுது. பின்ன எதுக்கு?

ஏலியம்மா: மெரினோட பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை போன்ல வரும்ல? அதுங்க இங்கிலீஷ் பேசற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் சிரிப்பேன், தலைய ஆட்டுவேன். போன மாசம் சின்னவன் ஏதோ நீளமாச் சொன்னான். நான் நல்லா சிரிச்சேன். அவன் வளத்த முயல் செத்துப் போச்சுன்னு சொல்லியிருக்கான்டீ, மெரின் அப்புறம்தான் சொன்னா. அதுக்கப்புறம் அவன் போன்லயே வரதில்ல... நாளைக்கு ஜெர்மன்ல பேசப் போற உன் பிள்ளைகிட்டயும் நான் அப்படிச் சிரிச்சுட்டு நிக்கணுமா?