ஆறு வருஷத்து வாக்குத்தத்தம்

மாலை நான்கு பத்துக்குப் பிரசவ அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்தார். குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எதிர் பெஞ்சில் இருந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சைக்கிளிலிருந்து விழுந்த என் மகளை எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பிவிட்டு, உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சுக்காரருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், இதுதான் முதல் குழந்தை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவர் பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

கணவர் பர்ஸிலிருந்து பைபிள் வசனம் அச்சிட்ட, ஓரம் நைந்த அட்டை ஒன்றை எடுத்தார்.

“மச்சான், இது எக்ஸ்பயரி ஆயிடுச்சு.”

“என்னது?”

“சர்ச்சுல புது வருஷ ஆராதனையில தட்டுலேர்ந்து எடுத்த வாக்குத்தத்தம். பிள்ளை தருவேன்னு வசனம். ஆறு வருஷம் ஆச்சு. அந்தந்த வருஷத்துக்குத்தானே இது?”

“ஆண்டவர் வார்த்தை என்ன பால் பாக்கெட்டா மாப்ள, தேதி பார்க்க?”

“அப்புறம் எனக்கு வந்ததெல்லாம் வேற வசனம்.”

“எனக்கு வருஷா வருஷம் சமாதானம்னுதான் வருது. வீட்ல நாலு பசங்க. நானும் நம்பிக்கிட்டுதான் இருக்கேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது.

“நான் நம்பல மச்சான். அவதான் நம்புனா. நான் கிழிச்சுப் போட மனசில்லாம வச்சிருந்தேன்.”

“கிழிக்கலல்ல? அது போதும்.”

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. அதே நர்ஸ்.

“பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்காங்க. அழுதது போதும் சார், போய்க் கையைக் கழுவிட்டு வந்து வாங்கிக்குங்க.”