சேக்காட்டுக்கு ஓர் ஆயர்

பெருமதிப்புக்குரிய வட்டாரத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஆயர் பெருமக்களே, ஆவடி நகரச் சபையின் மூப்பர்களே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சேக்காட்டுச் சொந்தங்களே, எல்லோருக்கும் இந்தக் கோதண்டத்தின் கனத்த வணக்கம்.

ஆவடி நகரச் சபைக் கமிட்டியின் செயலாளன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். யாரைப் பற்றிப் பேச? அருள்திரு யோபு எத்திராஜ் ஐயாவைப் பற்றி! போன ஞாயிறு ஆராதனையை முடித்து, ஒரு வாய் மோர் குடித்து, மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்தவர் அப்படியே போய்விட்டாரே, அவரைப் பற்றி! எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஏரிப் பக்கமிருந்து பனி இறங்குகிறது. தூரத்தில் திருநின்றவூர் வண்டி போகிற சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்கிறது. இந்த வேளையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் அந்த வேலியோரம் வந்துவிடுவார் என்றுதான் என் கண் அங்கேயே போகிறது. அவர் எந்தக் கூட்டத்துக்கு நேரத்தோடு வந்தார்? வழியில் மேகம் ஒன்று சிவந்திருந்தால் போதும், இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். எங்களுக்குக் கோபம் வரும். வந்தவர் சிரித்தால் கோபம் போய்விடும்.

கனவு காண்கிறவர் அவர். கண்ட கனவைக் கமிட்டியில் சொல்கிறவரும் அவர்தான்!

அறுபதுகளின் நடுவில் ஒரு வட்டாரக் கூட்டம். எந்தச் சபை எந்த ஆயரின் குருசேகரத்தில் சேர வேண்டும் என்று ஆளுக்கு ஆள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். இவர் எழுந்தார். "நேத்து ஒரு கனவு கண்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். கனவில் நம் பேராயம் முழுவதும் ஓர் ஏரியாக இருந்ததாம். பேராயர் மதகின்மேல் நிற்கிறாராம். ஆயர்கள் ஆளுக்கொரு வாய்க்காலில் மண்வெட்டியோடு நிற்கிறார்களாம். தண்ணீர் வெள்ளை வெளேரென்று ஓடுகிறதாம், காலில் பட்டால் சில்லென்று இருக்கிறதாம். ஆனால் கடைமடையில் ஒருவர் ஏந்திய கையோடு நிற்கிறாராம், அவர் வயலுக்குத் தண்ணீர் போகவே இல்லையாம். "யாருன்னு கிட்டப் போய்ப் பார்த்தேன். நம்ம சேக்காட்டு வீராசாமி" என்றார்.

சிரிப்பு நின்றுபோனது. ஏன் தெரியுமா? அதற்கு முந்தைய வாரம்தான் வீராசாமி, திருவிருந்து வேண்டும், திருவிருந்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டே, அது கிடைக்காமல் கண்ணை மூடியிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருக்கிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நம் திருச்சபையில் உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்துக் கொடுக்க அபிஷேகம் பெற்ற ஆயர்தான் வர வேண்டும். ஆயர் எங்கே இருந்தார்? ஆவடியில், வேப்பமரங்களுக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்து பங்களாவில் இருந்தார். சேக்காட்டில் ஓட்டுக் கூரைக் கோயில், ஓர் உபதேசியார், அவ்வளவுதான். வெயிலும் மழையும் விட்ட வழியில் எப்போதாவது திருவிருந்து. அந்த பங்களாவில் குடியிருந்த ஆயர் யார்? இதே யோபு எத்திராஜ்! சேக்காட்டைத் தனிக் குருசேகரமாக்குங்கள், நானே அங்கு குடிபோகிறேன் என்று கேட்டவர் அவர். பங்களாவை விட்டு ஓட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று மேலிடத்தில் மன்றாடிய ஆயர் வேறு யாரேனும் உண்டா? இருந்தால் சொல்லுங்கள், அவரையும் கும்பிடுகிறேன்!

ஆனால் எங்கள் நகரச் சபையின் பெரியவர் ஒருவர், இப்போது அவரும் இல்லை, ஒரு தடை சொன்னார். "பேராயர் நாற்காலி இல்லாத கோயில் முழுக் கோயில் ஆகாது" என்றார். அவர் சொன்னது பழைய வழக்கம். எங்கள் கோயிலில் ஆல்டர் பக்கத்தில் ஒரு தேக்கு நாற்காலி உண்டு. பேராயர் வந்தால் அதில் உட்காருவார். வராத நாளில் தூசிதான் உட்காரும், ஆயர்கூட அதைத் தொடமாட்டார். சேக்காட்டில் நாற்காலியே கிடையாது. எல்லோருக்கும் பாய்தான்.

அந்தப் பேச்சு சேக்காட்டுக்குப் போய்விட்டது.

பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்காகவும், தனிக் குருசேகரம் தரலாமா என்று நேரில் பார்ப்பதற்காகவும் அன்றைய பேராயர் ஆனந்தன் ஐயா சேக்காட்டுக்கு வந்தார்கள். ஐயாவின் அங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான். தை மாதக் காலை. வயல்மேல் பனி விலகவில்லை, கோயில் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தது. உள்ளே நுழைந்தோம். ஆல்டர் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? சிம்மாசனம்! நசரத்பேட்டையில் நாடக சாமான் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து, பாய் போட்டு மூடி, மாட்டு வண்டியில் கொண்டுவந்த ராஜா சிம்மாசனம். தங்கக் காகிதம் ஒட்டியது. இரண்டு பக்கமும் நாக்கை நீட்டிய சிங்கம். நகரத்திலிருந்து வந்த நாங்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டோம்.

பேராயர் பார்த்தார். புன்னகை செய்தார். "நான் ஊழியக்காரன், எனக்கு சிம்மாசனம் எதற்கு?" என்று சொல்லிவிட்டு, சனங்களோடு சனமாகப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆகா, என்ன தாழ்மை என்று எங்களுக்குக் கண் கலங்கியது.

சேக்காட்டுக்காரர்களுக்குக் கண் கலங்கவில்லை, முகம் சுருங்கிப்போனது! ஒரு முகத்திலும் வெளிச்சம் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து கெங்கம்மாள் எழுந்தார். அதோ, முன்வரிசையில் இருக்கிறாரே, அவர்தான்.

"இன்னா நைனா, எங்க ஊட்டுக்கு வந்துட்டு நீயும் தரையில குந்திகினு கீறே? நாங்க பொறந்ததுலேர்ந்து தரைதான். பண்ணை ஊட்டு வாசல்லயும் தரைதான். இந்த ஒரு எடத்துல நாற்காலி போட்டு வச்சிகீறோம். அதுல நீ குந்தலேன்னா, இவங்களுக்கு இன்னா நாற்காலி வேண்டிக்கெடக்குன்னு ஊரு சிரிக்காதா?"

பேராயரை நீ என்றுவிட்டாரே! யோபு ஐயாதான் பேராயர் அருகில் குனிந்தார். மெல்லத்தான் பேசினார், பையோடு நின்ற எனக்கும் கேட்டது. "ஐயா, உங்க தாழ்மை பெரிசுதான். ஆனா இவங்க கேக்கறது அது இல்லை. இவங்ககிட்ட தாழ்மை ஏற்கெனவே நிறைய இருக்கு. கொஞ்சம் மரியாதையா ஏறி உட்காருங்க."

பேராயர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். அங்கியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல், முழு கௌரவத்தோடு அந்தச் சிங்கங்களுக்கு நடுவில் அமர்ந்தார். அப்போது கோயிலுக்குள் எழுந்த பெருமூச்சை நான் இன்றும் கேட்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முழங்காலிட்டார்கள், தலையில் கை வைக்கப்பட்டது. சன்னலில் வெயில் ஏறி, தங்கக் காகிதமும் அவிந்த சாம்பிராணிப் புகையும் ஒன்றாகிவிட்டன. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியவில்லை. ஆராதனை முடிவில் பேராயர் அந்த ஆசனத்திலிருந்தே அறிவித்தார்: சேக்காடு இனித் தனிக் குருசேகரம், யோபு எத்திராஜ் அதன் முதல் ஆயர்!

அன்று முதல் அவர் சேக்காட்டுக்காரர். ஞாயிறு தவறாமல் திருவிருந்து. வியாதிக்காரர் வீட்டுக்கு அன்றைக்கே திருவிருந்து. ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற பிள்ளைகளுக்கு, அவர்கள் முகம் கழுவி வரும்வரை காத்திருந்து ஒரு திருவிருந்து. சொன்ன நேரத்துக்கு எங்கும் வராத மனிதர் இதற்கு மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை! இதைத் தலைமை என்று சொல்லாமல் வேறு எதைத் தலைமை என்று சொல்வது? பேராயத்தின் பெரிய பொறுப்புக்கு அவர் பெயரைச் சிலர் முன்மொழிந்தபோது, "என்னை மறந்துடுங்க, எனக்குச் சேக்காட்டுல தூக்கம் நல்லா வருது" என்று தட்டிக்கழித்தார். அந்த மனிதருக்கு அது உண்மையாகவே போதுமாக இருந்தது.

இப்போது என் மனதில் கிடந்து குத்துவதைச் சொல்லிவிடுகிறேன். பேராயத்தில் ஆயர்கள் குறைவு. ஐயாவின் இடத்துக்கு அனுப்ப ஆள் இல்லை. அதனால் சேக்காட்டைப் பழையபடி ஆவடியோடு இணைத்துவிடலாம், உபதேசியார் பார்த்துக்கொள்வார், திருவிருந்து வசதிப்படும்போது என்று ஒரு யோசனை நடமாடுகிறது. வட்டாரத் தலைவர் ஐயா, நீங்கள் ஆமென்று தலையசைக்கிறீர்கள். வசதிப்படும்போது என்றால் எப்போது? அடுத்த வீராசாமி செத்த பிறகா? அடக்கம் செய்த மண் இன்னும் ஈரமாக இருக்கிறதே ஐயா! எனக்கு ஆத்திரமாக வருகிறது. மன்னிக்க வேண்டும், அழுகையும் வருகிறது.

இரங்கல் தீர்மானம் ஒன்று போட்டு, எழுந்து நின்று, கலைந்து போக எங்களுக்கு மனசில்லை. இன்று காலை எங்கள் நகரச் சபைக் கமிட்டி கூடியது. வாக்குவாதம் இல்லாமலா? "அப்போ நம்ம கதி?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் முடிவில் எல்லாக் கையும் உயர்ந்தது. சேக்காட்டுக்கு ஒரு புது ஆயர் வருகிறவரை, எங்கள் ஆயர் கோவிந்தன் ஐயா ஞாயிறுதோறும் சேக்காட்டில் இருப்பார். ஐயாவும் சம்மதித்துவிட்டார், மேடையில்தான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். சேக்காட்டு உபதேசியார் வேம்புலி ஆவடிக்கு வந்து எங்களுக்கு ஜெபம் நடத்துவார். அவர் பிரசங்கம் நீளம் என்று கேள்வி. பரவாயில்லை, உட்கார்ந்து கேட்போம். திருவிருந்து எங்களுக்கு வசதிப்படும்போது கிடைக்கட்டும்! காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தேக்கு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்கிறோம்.

வட்டாரத் தலைவர் ஐயா, இதை வேண்டுகோளாக வைக்கவில்லை. முடிவாகிவிட்டதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

யோபு ஐயா, நீங்கள் நல்லபடியாகத் தூங்குங்கள். கெங்கம்மா, ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இந்த ஞாயிறு சேக்காட்டில் திருவிருந்து உண்டு.