நீள ஈட்டிக்காரனின் ஓசி அடி

ஜுல்ஃபிகர் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் நல்ல காற்று வரும், மேடம். முத்தாபுதுப்பேட்டையில் அந்தப் பக்கம் உயரமான கட்டடங்கள் இன்னும் எழவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அங்கே வைத்துக்கொண்டோம்.

என் பெயர் சம்பந்தம். ஆவடி குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். ஆட்டத்தை நடத்துகிறவன் நான். கட்டம் போட்ட அட்டை, சின்னப் பொம்மைகள், பகடை. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக ஆடுவார்கள்; அவர்களுக்கு எதிரே வரும் பூதம், திருடன், காவலாளி எல்லாம் நான். வித்யா, கோகுல்நாத், ஜுல்ஃபிகர் மூவருக்கும் கற்றுக்கொடுத்ததே நான்தான். எனக்கு வேறு சிநேகிதர்கள் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

போன மாதம் வித்யா ஒரு செய்தி சொன்னாள். கோகுல்நாத் மண்ணூர்பேட்டையில் தன் வீட்டிலேயே புதிதாக ஆட்டம் நடத்தப்போகிறான், எல்லோரும் இதே வீரர்களோடு அங்கே போகிறார்களாம். "நீங்களும் வந்து ஒரு வீரனா ஆடுங்கண்ணா. எத்தினி நாளைக்குத்தான் நீங்களே நடத்துவீங்க?" அன்பாகத்தான் சொன்னாள். நானும் சரி என்றேன்.

சம்பவத்தன்று வித்யாவின் வீராங்கனைக்கு எதிரே, ஒட்டிய கட்டத்தில், நீள ஈட்டிக்காரன் ஒருவனை நிறுத்தினேன். அவளுக்கு ஏற்கெனவே பலத்த காயம். பொம்மையை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினாள். உடனே நான் ஓசி அடி என்றேன். எதிராளி விலகிப் போகும்போது, நம் முறை வராமலே நமக்குக் கிடைக்கும் அடி அது. விதிப் புத்தகத்தில் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் என்று போட்டிருக்கும். பகடையை உருட்டினேன். வீராங்கனை செத்தாள்.

கோகுல்நாத் சிரித்தான். "இன்னா அண்ணாத்தே, போங்கு ஆடுற? கத்தின்னா ஒரு கட்டம். ஈட்டி ரெண்டு கட்டம் எட்டும். அவ ஒரு கட்டந்தான பின்னாடி போய்கீறா? இன்னும் ஈட்டி எட்ற எடத்துலதான் கீறா. ரெண்டாவது கட்டத்தத் தாண்டுனாத்தான் ஓசி அடி."

"அவன் சொல்றது கரெக்ட்டுண்ணே," என்றான் ஜுல்ஃபிகர்.

"அண்ணாவுக்கு மறந்துபோச்சு போல," என்று வித்யாவும் சிரித்தாள்.

மறக்கவில்லை, மேடம். அந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வீராங்கனை செத்துவிட்டால் மண்ணூர்பேட்டைக்குக் கொண்டுபோக வித்யாவிடம் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். தப்புதான் என்று சொல்லிப் பொம்மையை நிமிர்த்தி வைத்தேன்.

டீ எடுத்துவர ஜுல்ஃபிகரும் வித்யாவும் கீழே போனார்கள். கோகுல்நாத் போன் பேச மாடியின் பின்பக்கம் போனான். அங்கே இன்னும் கைப்பிடிச் சுவர் எழுப்பவில்லை. சாரம் கட்டிய சவுக்குக் கம்புகள் கிடந்தன. நீளமான ஒன்றை எடுத்துக்கொண்டேன். பேசி முடித்துத் திரும்பியவனின் நெஞ்சுக்கு நேரே நுனியைப் பிடித்தேன்.

"இன்னா, இன்னும் கோவமா?" விளையாட்டு என்றே நினைத்தான். சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தான்.

அப்போது நான் ஒன்றும் செய்யவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கம்பு அவனை இன்னும் எட்டியது.

"அண்ணே, ஓரமா கீறேன். கம்ப கீழ போடு." சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத்தை ஒட்டியே நகர்ந்து, கம்பு எட்டாத இடத்துக்குக் காலெடுத்து வைத்தான். குத்தினேன். பலமாக அல்ல. பலம் தேவைப்படவில்லை.

கால் தவறி விழுந்தான் என்று முதலில் நான் சொன்னது பொய். கீழே மணல் கொட்டியிருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னதும் பொய். ஜல்லிதான் என்று எனக்குத் தெரியும். வரும்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் வந்தேன்.

டீயோடு மேலே வந்த வித்யாவிடம், "கோகுல் கெளம்பிட்டான்மா. நாம ஆடலாம்," என்றேன். அவள் உட்கார்ந்து பகடையைக் கையில்கூட எடுத்துவிட்டாள். ஜுல்ஃபிகரின் அம்மா பின்பக்கத்திலிருந்து அலறியது அதற்கப்புறம்தான்.

அவர்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் காத்திருப்பதாக ஏட்டு சொன்னார். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைக்கிறார். எனக்கு அவர்களைத் தெரியும், மேடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்கத்தான் வந்திருப்பார்கள்.