பதினோரு பேர் பாஷை

— அந்த மைக்கை முதல்ல கீழ வைங்க. டோக்கன் நம்பர் கூவுறது நீங்கதானே?

— நானேதான் மேடம். ஆஸ்பத்திரி பூரா என்னை மைக்குன்னுதான் கூப்பிடும். பெத்தவங்க வெச்ச பேரு எனக்கே மறந்துபோச்சு. எந்திரிக்காதீங்க, இருந்த இடத்துலேயே இருங்க. பையை மட்டும் பக்கத்து நாற்காலியில வைக்காதீங்க, ஆள் இருக்கு.

— காலியா கிடக்கு.

— சரி, உங்க கண்ணுக்குக் காலி.

— நான் மக்கள்தொகைக் கணக்கு ஆபீசர். எந்த வட்டாரத்துல எந்தப் பாஷைக்காரங்க எத்தனை பேருன்னு எண்ணி, அதுக்குத் தகுந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கு அறிவிப்பு, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் ஒதுக்குறவ. இங்க மலைப்பாஷைக்காரங்க மொத்தமே பதினோரு பேர். நீங்க என்னடான்னா நாள் பூரா அதுலயே கத்துறீங்க. கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப்போச்சு.

— உங்க ஆபீஸ் வரைக்குமா கேக்குது?

— அது... கேக்குது, அவ்வளவுதான். யாரைக் கூப்பிடுறீங்க? கூடத்துல ஈ காக்கா இல்ல.

— இந்த மலைப்பாஷை அறிவிப்பே இப்பத்தான் வந்துச்சு மேடம். பதினோரு பேர்ல என் பொண்டாட்டியும் ஒருத்தி. அவகிட்ட திட்டு வாங்கியே நான் கத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஆபீஸ் பாஷைதான். புரியாதவங்க தன் நம்பர் போனது தெரியாம உக்காந்தே இருந்தாங்க. சில பேர் உக்காந்தபடியே போய்ச் சேந்துட்டாங்க. உடம்பை வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. நம்பர் கூப்பிடாம ஆள் எப்படிப் போவாரு?

— கதை விடாதீங்க.

— மைக் வேலை செய்யுதான்னு பாக்க, பழைய நம்பர் ஒண்ணை மலைப்பாஷையில சும்மா கூப்பிட்டேன். மூணாவது வரிசையில அமுங்கியிருந்த நாற்காலி மெத்தை மெதுவா உப்பிச்சு. டாக்டர் ரூம் கதவு தானா திறந்து மூடிச்சு. அன்னையிலேர்ந்து பாவம், அந்த டாக்டர் வெயில் காலத்துலயும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. சில பேருக்கு மெத்தை மட்டும்தான் அமுங்கும். சில பேரு முழுசாவே தெரிவாங்க, சண்டைக்குக்கூட வருவாங்க.

— பேய்க்கெல்லாம் பணம் ஒதுக்க முடியாது. நாளைக்கே நிறுத்தச் சொல்லி எழுதிடுறேன்.

— எழுதிடாதீங்க, புண்ணியமாப் போகும். இன்னும் பாதிப் பேர் காத்திட்டிருக்காங்க. ஆமா, பதினொண்ணுன்னு எப்படி எண்ணுனீங்க?

— ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்களை ஆபீஸ் பாஷைப் பக்கம் சேத்துடுவோம். அவங்களுக்கு எதுக்கு உதவி? நானே வீட்டுல மலைப்பாஷைதான். ஆனா ஆபீஸ் பாஷையில என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. நான் அந்தப் பதினொண்ணுல வரமாட்டேன்.

— அங்கதான் இடிக்குது. மூளையில ரத்தக்குழாய் அடைச்சா, சில பேருக்குப் பின்னாடி கத்துக்கிட்டதெல்லாம் அழிஞ்சுபோயிடுதாம். அம்மா மடியில கேட்டது மட்டும்தான் மிஞ்சுமாம். இங்க உக்காந்திருக்கவங்க பாதிப்பேர் ரெண்டு பாஷைக்காரங்க மேடம்.

— எப்பவோ ஒருத்தருக்கு ஆகும். அதைக் கணக்குல எடுக்க முடியுமா?

— இருக்கட்டும். நீங்க இங்க எப்படி வந்தீங்க?

— உங்களை விசாரிக்கத்தான்... இல்ல, இருங்க. ஆபீஸ்ல தலை வலிச்சுது. வலது கை மரத்துப்போச்சு. எதிர்ல இருக்கவங்க வாய் அசையுது, ஒரு வார்த்தை பிடிபடல. கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து, கையில டோக்கனைத் திணிச்சு இங்க உக்கார வெச்சாங்க. ஒரே கூட்டம். யாரோ என்னமோ கூவிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம்...

— அப்புறம்?

— அப்புறம் சரியாயிடுச்சு! இல்லேன்னா இவ்வளவு நேரமா உங்ககிட்ட ஆபீஸ் பாஷையில மூச்சு விடாம பேசிட்டிருப்பேனா?

— நீங்க வாயைத் திறந்ததிலேர்ந்து மலைப்பாஷைதான் மேடம் பேசுறீங்க. அந்த வலது கையைக் கொஞ்சம் விரிங்க, அடுத்துக் கூப்பிட வேண்டியது அதுல இருக்க நம்பரைத்தான்.