தம்பிக்கு எடுத்த அளவு

"தலையைத் தூக்காத மாப்ளேன்னு எத்தனை தடவ சொல்..."

"நான் எங்க மாமா தூக்குறேன், கட்டை நீளமா இருந்தா..."

"நீளமா இருந்தா கையை நீட்டு. ஆடத் தெரியாதவன் மாதிரி கட்டையைக் குத்தம் சொல்..."

"நீட்டினா கன்னம் ஒட்ட மாட்டேங்குது, அதைத்தானே சொல்ல வரேன்..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு எண்ணெய் காயும் சத்தம் கேட்காது. கொஞ்சம் வாயை மூடுங்கள் என்றேன். என் கணவரும் மூடினார், என் தம்பியும் மூடினான். பட்டறையில் என் சொல்லுக்கு அந்த மரியாதை இருந்தது. குழலும் விசையும் அவர் வேலை. தோளில் முட்டும் அந்த மரக்கட்டையும், சுடுபவரின் உடம்புக்கு அதைப் பொருத்துவதும் என் வேலை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் அதுதான்.

வேட்டைத் துப்பாக்கியும் சட்டை மாதிரிதான் ஐயா. அடுத்தவர் அளவில் தைத்ததை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அங்கங்கே இறுக்கிப் பிடிக்கும். கை நீளம், கழுத்து, கன்ன எலும்பு எல்லாம் பார்த்துக் கட்டையைச் செதுக்க வேண்டும். கடைசியில் சூடான ஆளிவிதை எண்ணெயைத் துணி சுற்றி ஊற்றி, மரம் இளகியதும் இரும்புச் சட்டத்தில் இறுக்கி, வலப்பக்கமாகக் கொஞ்சம் வளைக்க வேண்டும். அப்போதுதான் வலது தோளில் வைப்பவரின் கண் குழலுக்கு நேராக வரும். அப்படி வந்துவிட்டால் குறி பார்க்கவே வேண்டாம். பார்த்த இடத்தில் சுடும். வளைவு பக்கம் மாறினால் குறியும் அந்தப் பக்கம் விலகும்.

என் கணவர் நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள்கூட என்னைக் கடிந்து பேசியதில்லை. என் தம்பியைத் தம்பி என்றே நினைத்தார். அதனால்தான் தூரத்து ஊரில் அவனுக்கு ஒரு வேலை பார்த்தார். அங்கேயே ஒரு பெண்ணும் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார். முன்னாலேயே சொன்னால் நான் அழுவேனாம்.

"இவன் இன்னும் உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சுத்தினா எவ பொண்ணு குடுப்பா?" என்று சிரித்தார்.

நான் அழவில்லை. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. சோறு ஊட்டியது நான். சட்டைக்கு அளவெடுத்தது நான். எனக்கென்று பிள்ளை இல்லை, அந்தக் குறையும் தெரிந்ததில்லை. ஒருவனை இப்படி வளர்த்தால், அவன் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல ஒருத்திக்கு உரிமை வரும். உங்களுக்கும் அது நியாயமாகத்தான் தோன்றும்.

அந்தத் துப்பாக்கி அவனுக்கு வழியனுப்புப் பரிசு. போகிற ஊரில் ஏரி இருக்கிறது, வாத்து வரும் என்று என் கணவரே ஆசையாக ஏற்பாடு செய்தார். நான் அளவெடுத்தேன், செதுக்கினேன், வளைத்தேன். பின்கட்டுச் சுவரில் வெள்ளையடித்த இரும்புத் தகடு இருக்கிறதே, அதில் தம்பி சுட்டுப் பார்த்தான். ஈய ரவைகள் நட்ட நடுவில் விழுந்தன. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி அவனைக் கேலி செய்தார் இவர். அவன் ஒற்றிக்கொண்டான். நான் செய்ததிலேயே சிறந்த பொருத்தம் அது.

மறுநாள் இருவரும் அவனுக்குப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனார்கள். நான் மறுபடி எண்ணெய் காய்ச்சினேன். கட்டையைச் சட்டத்தில் வைத்து, இந்தத் தடவை இடப்பக்கமாக வளையும்படி திருகாணியை முறுக்கினேன். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. மரம் முரண்டு பிடிக்கவில்லை. துடைத்து உறையில் போட்டுவிட்டு, அவர்கள் வருவதற்குள் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

அவன் சுட்டுப் பழக இருவரும் நம் ஊர் ஏரிக்குப் புறப்படும்போது தம்பியிடம் குழலைப் பார்க்காதே, பறவையை மட்டும் பார் என்றேன். புதிதாகச் சுடும் எல்லோருக்கும் சொல்வதுதான். இவரிடமும் ஒன்று சொன்னேன்.

"நீங்க அவனுக்கு இடப்பக்கமா, கொஞ்சம் முன்னால தள்ளி நில்லுங்க. கன்னம் ஒட்டுதான்னு அங்கேருந்துதான் தெரியும்."

"உத்தரவு மகாராணி" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அது.

இதுவும் பொய்யில்லை. கன்னம் ஒட்டுவது அங்கிருந்துதான் தெரியும். தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பறவை உயரத்தில் பறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். தாழப் பறந்தது. அந்த முடிவை நான் பறவையிடம் விட்டிருந்தேன்.

உங்கள் ஆட்கள் குழலை முகர்ந்து பார்த்தார்கள். விசையைத் தட்டிப் பார்த்தார்கள். தம்பியை வாய் ஊதச் சொன்னார்கள். கட்டையை யாரும் பார்க்கவில்லை. விபத்து என்று முடித்தீர்கள்.

பெண் வீட்டார் துக்கம் கேட்க வந்தபோது, அக்காவைத் தனியே விட்டுவிட்டு எங்கும் வருவதற்கில்லை என்று அவர்களிடம் தம்பி சொன்னான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதன்பின் அவன் வீட்டிலேயே இருக்கிறான். தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பான், திடீரென்று துடைக்கிற கோலைத் தோளில் ஏற்றுவான். கன்னம் கச்சிதமாக ஒட்டும். அப்படியே அசையாமல் நிற்பான். பிறகு இறக்கிவிட்டுத் துடைப்பான். பட்டறையில் எண்ணெய் காயும்போது எனக்கு இவர் குரல் கேட்கிறது, தலையைத் தூக்காதே என்று. பதில் பேசுகிற குரல் கேட்பதில்லை. அந்தக் குரலுக்கு உரியவன் அடுத்த அறையில்தான் இருக்கிறான், உயிரோடு. ஆனால் அவன் பேசுவதே இல்லை. நான் பாத்திரத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

நேற்று நீங்கள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். இன்று காலை அவன் உங்களிடம் வந்து, வேண்டுமென்றே மாமாவைச் சுட்டேன், என்னைப் பூட்டுங்கள் என்றானாம். நம்பாதீர்கள். அவனுக்கு ஒரு எறும்பை நசுக்க மனம் வராது. கொன்றது நான். வளைத்த இரும்புச் சட்டத்தைக் காட்டுகிறேன், எண்ணெய்ச் சட்டியைக் காட்டுகிறேன், கட்டையை நீங்களே அளந்து பாருங்கள். அவனை மட்டும் அனுப்பிவிடுங்கள். அவன் வேறெங்கும் போக மாட்டான், வீட்டுக்குத்தான் வருவான்.

உங்களிடம் வருவதற்கு முன்னால் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்தான். இறக்கினான், மறுபடி வைத்தான். பிறகு என் மடியில் அதைக் கிடத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"அன்னிக்கு ஏரியில தோள்ல வச்சப்பவே தெரிஞ்சுதுக்கா, கட்டை மாறியிருக்குன்னு. நீதான் கை வச்சிருப்பே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு சுட்டேன்."