நுவரெலியாவுக்குத் திரும்பும் ஸ்வெட்டர்

ஏப்ரல் வெயில். மைசூரில் மண்டி மொஹல்லாவைத் தாண்டிய பேருந்தில் எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தோம். எனக்கு முன் இருக்கையிலிருந்த அம்மாள், பக்கத்துப் பெண்ணின் மடியில் ஒரு தடித்த கம்பளி ஸ்வெட்டரை வைத்தார்.

“மாலா, இலங்கைக்கு இதையும் எடுத்துட்டுப் போ.”

“அய்யோ, பேடாக்கா, வேணாம்! கடல்ல குளிக்கப் போறோம், இது எதுக்கு?”

“நுவரெலியா மலைக்கும் போறீங்கல்ல? போன வருஷம் நானும் தீவுன்னா வெயில்தான்னு காட்டன் புடவையோட போய் இறங்கினேன். மழையில நனைஞ்சு ஒரே நடுக்கம். பஸ் ஸ்டாண்ட் எதிர்ல டீக்கடை வச்சிருக்கிற அம்மா, தான் போட்டிருந்ததைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாங்க. நம்ம தமிழ்லயே பேசினாங்க. திருப்பித் தர்றதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு.”

“அந்த ஸ்வெட்டரா இது?”

“ஆமா, துவைச்சு வச்சிருக்கேன். மைசூர் பாக்கும் தர்றேன், சேர்த்துக் குடுத்துடு.”

“அவங்க பேரு என்னக்கா?”

“குளிர்ல பல்லு தந்தியடிச்சதுல கேக்கவே இல்லடி. நீ கேட்டுட்டு வா. என் பேரையும் சொல்லு, அவங்களும் கேக்கல.”