குடிக்க மாட்டாத வேருக்குக் கொட்டிய தண்ணீர்

சென்ற கூட்டத்தில் நான் எழுந்ததுமே ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்ன, ஆனாலும் இன்று தலைமை தாங்கும் பாசனச் சங்கத் தலைவர் அவர்களே! வரப்பிலேயே வயதைக் கழித்த பெரியவர்களே! வயலையும் வீட்டையும் ஒரே முதுகில் சுமக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்று சிரிக்கும் மருமகப் பிள்ளைகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

சிரியுங்கள். காலையில் நான் கண்டதைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று பார்ப்போம்.

என் மக்காச்சோளக் காட்டில் இறங்கினேன். குளிர்காலப் பயிர், முழங்கால் உயரம். இலையெல்லாம் மஞ்சள். "தண்ணி பத்தலம்மா. மத்தியானம் நம்ம முறைதான, நல்லா கட்டிரலாம்" என்றான் என் மகன். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். இழுத்தேனா? தொட்டேன், அவ்வளவுதான்! கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, கொழகொழத்து, அழுகல் நாற்றம்! பெரியோர்களே, அது தாகத்தால் மஞ்சளான பயிர் அல்ல, தண்ணீரில் மூச்சு முட்டிய பயிர்!

வெயில் ஒடுங்கிய காலம் இது. வேர் அளவாய்க் குடிக்கும் காலம். விட்ட ஈரம் விலகாமல் நிற்கும் காலம். கோடைக்குப் பாய்ச்சுவதுபோல் பாய்ச்சினால் பயிர் எப்படி ஐயா பிழைக்கும்?

"ஏண்டா, போன முறை ஈரம் இருக்கும்போதே எதுக்குடா மறுபடி தண்ணி கட்டுன?"

"கட்டலன்னா அடுத்த முறை போயிருமேம்மா! சங்கத்துச் சட்டம். உங்க தலைவர்கிட்ட நீயே போய்க் கேளு."

கேட்டீர்களா அநியாயத்தை? தன் முறையில் தண்ணீர் எடுக்காதவருக்கு அடுத்த முறை கிடையாதாம்! அதை அடுத்தவருக்கு விட்டுக் கொடுக்கவும் கூடாதாம்! அந்தப் பயத்தில் அல்லவா ஆளாளுக்கு அழுகும் வயலில் ஆற்றையே திருப்பிவிடுகிறோம்!

யாரது அங்கே? "தண்ணி சும்மாதான வருது" என்பவர்? சும்மாவா? வாய்க்கால் முடியும் கடைமடைக்கு வந்து பாரும்!

அங்கிருந்தே, மடை திறந்துவிடும் மடைக்காரத் தம்பியோடு நான் போனேன். கடைமடைக் காடு என் ஓரகத்தியுடையது. இரவல் வாங்கிய என் பித்தளை அண்டாவை நெளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று சாதித்தவர். அன்றோடு பேச்சு நின்றது. இன்றும் பேசவில்லை. ஆனால் அந்தப் பயிரைப் பார்த்தேன். பூத்த பயிர், கதிர் பட்டுநூல் விட்டு மணி பிடிக்க ஏங்கும் பயிர். குளிர் விலகாத காலையிலேயே இலைகள் சுருண்டு குழலாய் நிற்கின்றன! மண் வாய் பிளந்து கிடக்கிறது! ஒரே வாய்க்கால், அங்கே அழுகல், இங்கே வெடிப்பு!

"தம்பி, இந்தப் பட்டு காஞ்சா மணி பிடிக்குமான்னு கேளு" என்றேன்.

ஓரகத்தி என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னார்: "பிடிக்காதுன்னு சொல்லுப்பா. வருசம் பூரா நாங்க நம்பியிருக்கறதே இதத்தான். அவங்க காட்டுல வாத்து நீந்துதாமே, நெசமான்னு கேளு."

"ரெண்டு பேரும் பக்கத்துலதான நிக்கறீங்க? என்னை ஏம்மா தபால்காரன் ஆக்குறீங்க!" என்றார் தம்பி.

வேளாண் அலுவலர் அம்மா இதே மேடையில் சொன்னாரே! சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள், உருண்டையாய் நின்றால் தண்ணீர் வேண்டாம், பொலபொலவென்று உதிர்ந்தால் பாய்ச்சுங்கள், பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடாதீர்கள் என்று. நாம் என்ன செய்தோம்? கை தட்டினோம், டீ குடித்தோம், தேங்கிய வயலுக்கே திறந்துவிட்டோம்!

மத்தியானம் என் முறை. எனக்கு வேண்டாம்! கடைமடைக்குப் போகட்டும்! என்ன அக்கா, "அவளுக்கா குடுக்குற?" என்கிறீர்களா? பகை அப்படியே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. அது எனக்கும் அவருக்கும். அந்தப் பட்டுநூலோடு எனக்கு என்ன சண்டை?

சட்டம் தடுத்தால் சட்டத்தை மாற்றுங்கள்! வேண்டாதவர் விட்டுக் கொடுக்கட்டும், வாடுகிறவர் வாங்கிக்கொள்ளட்டும்! சம்மதமென்றால் கையைத் தூக்குங்கள்! தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். பெரியவர்களே? ஆகா! தலைவர் அவர்களே, சுற்றிச் சுற்றிப் பார்க்கிறீர்களே, பார்த்து முடித்தீர்களா? அதோ, தலைவர் கையும் உயர்கிறது!

மடைக்காரத் தம்பி, இன்னும் என்னப்பா உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்து போ! பூத்த பயிர் என் நன்றியுரைக்காகக் காத்திருக்காது.

போய்விட்டாரா? சைக்கிள் சத்தம் கேட்கிறது. இனிச் சொல்லலாம். கை தூக்கிய அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.